எந்த வயதில், எந்தக் கதவு வழியாக?

1987-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசியலில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. டெலாவேர் மாநில செனட்டர் ஜோ பைடன், அதிபர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் இறங்குவதாக அறிவித்தார். அதே மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ இடைத்தேர்தலில் வென்ற நான்சி பெலோசி, பிரதிநிதிகள் சபையின் புதிய உறுப்பினராகப் பதவியேற்றார். இருவரில் வயதில் மூத்தவர் பெலோசிதான்; பைடனைவிட இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். ஆனால் 29 வயதிலேயே செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பைடன் அப்போது மூன்றாவது பதவிக்காலத்தில் இருந்தார். பெலோசிக்கு 47 வயதில் கிடைத்தது கடைசி வரிசை இருக்கை.

அமெரிக்க அரசியலில் புகழ்பெற்ற பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கும்போது, அவர்கள் பெற்ற பட்டங்களையும் ஆற்றிய உரைகளையும்விட இரண்டு செய்திகளையே நான் முதலில் தேடுகிறேன். அவர் எந்த வயதில் முதன்முறையாக வேட்பாளரானார்? எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், அவர் எவ்வளவு தூரம் சென்றார் என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது.

முதலில் திறந்த கதவு கணவரின் மரணம். 1931-இல் ஆர்கன்சா மாநில செனட்டர் தாடியஸ் கேரவே காலமானபோது, அவருடைய மனைவி ஹாட்டி கேரவேயை அந்த இடத்தில் ஆளுநர் நியமித்தார். அமெரிக்க ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். செனட் இடம் காலியானால் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரம் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு உண்டு. விதவையை நியமிப்பது கட்சித் தலைவர்களுக்கு வசதியான ஏற்பாடாக இருந்தது. பதவிக்குக் காத்திருக்கும் ஆண்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. துக்கத்தில் இருக்கும் பெண் மீதமுள்ள காலத்தை முடித்துவிட்டு ஒதுங்கிவிடுவார் என்ற கணக்கு. கேரவே ஒதுங்கவில்லை. 1932-இல் முழுப் பதவிக்காலத்துக்கும் தாமே நிற்பதாக அறிவித்து, லூசியானாவின் ஹ்யூயி லாங் ஒரு வாரம் உடன் சுற்றிப் பரப்புரை செய்ய, ஆண் வேட்பாளர்கள் பலரையும் தோற்கடித்தார். செனட்டுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். (1944-இல் அவருடைய இடத்தைக் கைப்பற்றியவர் வில்லியம் ஃபுல்பிரைட், இன்று நம் மாணவர்கள் விண்ணப்பிக்கும் உதவித்தொகை அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.)

இந்தக் கதவின் வரலாற்றை முழுமையாக அறிய மெய்ன் என்ற சிறு மாநிலத்தைப் பார்த்தாலே போதும். கணவரின் அலுவலகத்தைக் கவனித்துவந்த மார்கரெட் சேஸ் ஸ்மித், 1940-இல் அவர் இறந்தபின் பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். 1948-இல் செனட்டுக்குப் போட்டியிட்டபோது, குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பதவியிலிருந்த ஆளுநரும் முன்னாள் ஆளுநர் ஒருவரும் அவரை எதிர்த்தனர்; இருவரும் தோற்றனர். இரு அவைகளிலும் பணியாற்றிய முதல் பெண் அவரே. 1950-இல், கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் நாட்டையே நடுங்கவைத்துக்கொண்டிருந்த ஜோசஃப் மெக்கார்த்தியைத் தம் கட்சிக்காரர் என்றும் பாராமல் அவையில் கண்டித்துப் பேசினார். விதவை என்ற அடையாளத்துடன் உள்ளே அனுப்பப்பட்ட ஒருவர், அவையின் மனச்சான்றாக மாறியது அன்றுதான் என்பது என் கருத்து. 1964-இல் அதிபர் வேட்பாளர் போட்டியிலும் இறங்கினார்.

அதே மெய்னில் 1973-இல் ஒலிம்பியா ஸ்னோவின் கணவர் விபத்தில் இறந்தார். மாநிலச் சட்டமன்றத்தில் அவர் வகித்த இடத்துக்குத் தேர்தலில் நின்று வென்ற ஸ்னோ, பிறகு பிரதிநிதிகள் சபைக்கும் செனட்டுக்கும் உயர்ந்தார். மூன்றாமவர் சூசன் காலின்ஸ். மார்கரெட் சேஸ் ஸ்மித் வகித்த அதே செனட் இடத்தில் 1997 முதல் இருக்கும் இவர், எந்தக் கணவரின் இடத்துக்கும் வரவில்லை. செனட்டர் வில்லியம் கோஹனின் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றி, அவர் விலகியபோது அந்த இடத்துக்குப் போட்டியிட்டார். ஸ்மித்தும் முதலில் ஒரு செனட்டர் அல்லது உறுப்பினரின் அலுவலகத்தில் செய்யப்படும் அதே வேலையைச் செய்தவர்தாம். ஒரு தலைமுறையில் அது மனைவி செய்யும் உதவியாகக் கருதப்பட்டது. மற்றொரு தலைமுறையில் அது அனுபவம் என்று எழுதப்பட்டது.

‘அனுபவம்’ என்ற சொல்லைச் சற்று ஐயத்துடனேயே அணுக வேண்டும். பெலோசியின் தந்தை பால்டிமோர் நகர மேயராகவும் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்த மகன் 1967-இல் பால்டிமோர் மேயரானார். மகளோ அந்த ஆண்டுகளில் குழந்தை வளர்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் ஐந்து பிள்ளைகள். அதனுடன் கட்சிக்கு நிதி திரட்டினார், கூட்டங்களை நடத்தினார், கலிஃபோர்னியா மாநிலக் கட்சித் தலைவராகவும் ஆனார். கடைசி மகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் தறுவாயில்தான் வேட்பாளரானார். அந்த வாய்ப்பும் ஒரு மரணத்தின் வழியாகவே வந்தது. தொகுதி உறுப்பினர் பிலிப் பர்ட்டன் 1983-இல் இறக்க, அவர் மனைவி சாலா பர்ட்டன் அந்த இடத்துக்கு வந்தார். நோயுற்ற சாலா தமக்குப் பின் பெலோசி வர வேண்டும் என்று விரும்பினார். பழைய கதவின் வழியாக வந்த ஒரு பெண், மற்றொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

காங்கிரஸில் குழுத் தலைமை பெரும்பாலும் பணிமூப்பைப் பொறுத்தே கிடைக்கிறது. இருபது ஆண்டு தாமதமாக வருபவர் இருபது ஆண்டு பின்னாலேயே நிற்க வேண்டும். பெலோசி அந்த வரிசையில் காத்திருக்காமல், நிதி திரட்டுவதிலும் வாக்குகளை எண்ணுவதிலும் தமக்கிருந்த திறமையைக் கொண்டு கட்சித் தலைமை என்ற வேறு ஏணியில் ஏறினார். 2007-இல் அவைத் தலைவரானபோது அவருக்கு வயது 66. 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 219-க்கு 212 என்ற கணக்கில் நிறைவேறியதற்கு அந்த எண்ணும் திறமையே காரணம். சமையலறை மேசையில் பழகிய கலை அது என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். மேயர் வீட்டு மகள் சிறுவயது முதல் பார்த்துப் பயின்ற கட்சித் தொழில் அது என்பதே சரி.

இரண்டாவது கதவு ஊர்ப்பணி. ஷிர்லி சிஷோம் மழலையர் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் வழியாக 1968-இல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். புரூக்ளின் நகரப்பகுதியிலிருந்து வந்தவரை வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். அவர் எதிர்த்துப் பேசி மாற்றிக்கொண்டார். ஹவாயின் பேட்ஸி மிங்க் மருத்துவம் படிக்க விண்ணப்பித்து எங்கும் இடம் கிடைக்காமல் சட்டம் படித்தார். பட்டம் பெற்றபின் எந்த வழக்கறிஞர் நிறுவனமும் வேலை தராததால் தாமே அலுவலகம் திறந்து, அங்கிருந்து அரசியலுக்கு வந்தார். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் அவருடைய உழைப்பு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் பேட்டி மர்ரி, மழலையர் கல்வித் திட்டம் ஒன்றுக்கான நிதி வெட்டப்படுவதை எதிர்க்கப் போனபோது, டென்னிஸ் காலணி அணிந்த ஓர் அம்மாவால் எதையும் மாற்ற முடியாது என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஏளனம் செய்தார். அந்த ஏளனத்தையே தேர்தல் முழக்கமாக்கிய மர்ரி பள்ளி வாரியம், மாநில செனட் என்று படிப்படியாக ஏறி 1992-இல் தேசிய செனட்டுக்கு வந்தார்.

அந்த 1992-ஐ அமெரிக்கர்கள் ‘பெண்களின் ஆண்டு’ என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறிய பேராசிரியை அனிதா ஹில்லை செனட் நீதிக் குழு விசாரித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குழுவில் இருந்த 14 பேரும் ஆண்கள், தலைவர் பைடன். அடுத்த தேர்தலில் நான்கு பெண்கள் புதிதாக செனட்டுக்கு வந்தனர். சினம் மட்டுமே அவர்களை வெல்லவைத்தது என்று நான் கருதவில்லை. 1985-இல் எலன் மால்கம் தொடங்கிய ‘எமிலிஸ் லிஸ்ட்’ என்ற அமைப்பு, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சிப் பெண்களுக்குத் தேர்தலின் தொடக்கத்திலேயே நிதி திரட்டித் தந்தது. அமைப்பின் பெயரில் உள்ள எழுத்துகளை விரித்தால், முன்கூட்டியே கிடைக்கும் பணம் மாவைப் பொங்கச்செய்யும் ஈஸ்ட் போன்றது என்று பொருள்படும். குடியரசுக் கட்சிப் பெண்களுக்கு அத்தகைய வலுவான நிதி அமைப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. காங்கிரஸில் அக்கட்சிப் பெண்கள் மிகவும் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனினும், ஊர்ப்பணி வழியாக வந்தவர்களை ஓர் ஐயம் விடாமல் தொடர்ந்தது: இவர்கள் கடுமையான முடிவுகளை எடுப்பார்களா? அந்த ஐயத்துக்குக் கிடைத்த விடையே மூன்றாவது கதவு. அரசு வழக்கறிஞர் பதவி. அமெரிக்காவில் மாவட்ட அரசு வழக்கறிஞரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். யார்மீது வழக்குத் தொடர்வது, என்ன தண்டனை கோருவது என்பதைத் தனி ஒருவராகத் தீர்மானிப்பவர்கள். குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றிய பெண்ணைப் பார்த்து உறுதி போதாது என்று எதிராளி சொல்ல முடியாது. 1984-இல் துணை அதிபர் வேட்பாளரான ஜெரால்டின் ஃபெராரோ குயின்ஸ் பகுதியின் உதவி அரசு வழக்கறிஞராக இருந்தவர். ஏமி குளோபுச்சர், கிளேர் மெக்கஸ்கில், கேத்தரின் கார்ட்டஸ் மாஸ்டோ, ஜெனிஃபர் கிரான்ஹோம், ஜேனட் நப்போலிடானோ என்று இப்பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம்.

கமலா ஹாரிஸைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் ஊடகங்கள் அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தையே நாடின. 2020 கட்சி மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது நமக்கு மகிழ்ச்சி தந்தது, அதில் தவறில்லை. ஆனால் அவருடைய அரசியலை விளக்கும் ஊர் ஓக்லாந்து. 1990-இல் அங்குள்ள அலமேடா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தவர், 2003-இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர், 2010-இல் கலிஃபோர்னியா தலைமை வழக்கறிஞர், 2016-இல் செனட்டர் என்று ஒரே ஏணியில் ஏறினார். அந்த ஏணிக்கும் விலை இருந்தது. 2019-இல் அவர் அதிபர் வேட்பாளர் போட்டிக்கு வந்தபோது, ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் ஒரு பகுதியினர் காவல்துறைச் சீர்திருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்குத் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெற்றோர்மீது வழக்குத் தொடர வழிசெய்த சட்டத்தை அவர் ஆதரித்தது உள்ளிட்ட பழைய முடிவுகள் குற்றச்சாட்டுகளாகத் திரும்பிவந்தன. ஆண்டு முடிவதற்குள் போட்டியிலிருந்து விலகினார். 2024-இல், எதிரணியில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவர் நின்றபோது, அதே வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் முன்னிறுத்தினார். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே அனுபவம் சுமையாகவும் பின்னர் தகுதியாகவும் பார்க்கப்பட்டது.

அண்மையில் திறந்திருப்பது நான்காவது கதவு: படையும் உளவுத்துறையும். மிக்கி ஷெரில் 1994-இல் கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்று ஹெலிகாப்டர் விமானியானவர். அக்கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1976-இல்தான். அபிகெயில் ஸ்பான்பெர்கர் சி.ஐ.ஏ. அதிகாரியாக இருந்தவர். இருவரும் 2018-இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 நவம்பரில் முறையே நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்களில் வென்றனர். ஆளுநர் பதவி ஏன் முக்கியம் என்றால், கார்ட்டர், ரீகன், கிளிண்டன், இளைய புஷ் ஆகிய நால்வரும் அங்கிருந்தே அதிபரானவர்கள். கணவரின் வழியாக வராமல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான கனெக்டிகட்டின் எல்லா கிராஸோ வென்றது 1974-இல்.

வயதுக் கணக்கும் சற்றே மாறிவருகிறது. இராக்கில் இரு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த், 2018-இல் பிறந்து பத்து நாளே ஆன மகளுடன் செனட்டுக்குள் வந்து வாக்களித்தார். கைக்குழந்தையை அவைக்குள் அனுமதிக்க விதியை மாற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு, நியூயார்க் மாநிலப் பெண் வேட்பாளர் ஒருவரின் கோரிக்கையை ஏற்று, பரப்புரை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான செலவைத் தேர்தல் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இசைந்தது. அதற்குமுன் வேட்பாளரின் விமானப் பயணத்துக்கும் விருந்துக்கும் அந்த நிதி தாராளமாகப் பயன்பட்டுவந்தது.

காங்கிரஸில் பெண்கள் இன்னும் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. ஸ்பான்பெர்கர் மூன்று பெண்பிள்ளைகளின் தாய். முதல் தேர்தலில் வென்றபோது வயது 39. வர்ஜீனியாவின் அரசமைப்பு, ஆளுநர் தொடர்ந்து இரண்டாவது முறை பதவி வகிப்பதை அனுமதிப்பதில்லை. 2030 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து இறங்கும்போது வயது 50 ஆகியிருக்கும். பெலோசி முதன்முதலில் அவைக்குள் நுழைந்த வயதைவிட மூன்றே ஆண்டுகள் கூடுதல்.