மறுபிறப்பைக் கூறும் ஒரு சொல்

நான் கல்லூரியில் பயின்ற நாளில், எங்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாரிக் கரை கட்டியதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். அதன் தலைப்பில் 'ரினேசன்ஸ்' என்னும் சொல்லை அமைத்திருந்தேன். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் சுழித்து, "குளத்துக்கு இத்துணைப் பெரிய பட்டமா?" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். அன்று நாணினேன், அவர் கருத்துப் பின்னரே விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, இச்சொல் பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலம் புகுந்தது. மறுபிறப்பு என்பது இதன் நேர்ப்பொருள். உரிமச் சீட்டைப் புதுப்பித்தலை 'ரினியூ' என்பர். பழங்கட்டடத்தைச் செப்பனிடுதலை 'ரெனவேட்' என்பர். ஒரு கலையோ கல்வியோ சிந்தனையோ பெருவீச்சோடு புத்துயிர் பெறும்பொழுதே 'ரினேசன்ஸ்' பொருந்தும். முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதினால், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தொடங்கி ஐரோப்பாவெங்கும் பரவிய எழுச்சிக் காலத்தை அது குறிக்கும். சிறிய எழுத்தாயின், எந்நாட்டு எழுச்சிக்கும் ஆகும்.

இத்தாலியரான வசாரி, 1550இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில், கலையின் மறுபிறப்பைப் பற்றிப் பேசினார். ஆயினும், ஒரு காலம் முழுவதற்கும் அப்பெயரை நிலைநாட்டியவர்கள் 1855இல் பிரெஞ்சு அறிஞர் மிஷ்லேயும், 1860இல் சுவிட்சர்லாந்தின் பர்க்ஹார்ட்டும் ஆவர். 1519இல் மறைந்த லியனார்டோ டா வின்சி, தாம் 'ரினேசன்ஸ்' காலத்தவர் என்பதை அறியார்!

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறுபிறப்பு என்றால், முன்னர் ஓர் இறப்பு நிகழ்ந்திருத்தல் வேண்டுமன்றோ? அதனாலேயே இடைக்காலம் முழுவதையும் இருண்ட காலம் என்று பலர் எளிதாகத் தள்ளிவிட்டனர். ஆனால் பொலோனா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு ஆகிய பல்கலைக்கழகங்கள் அவ்விடைக்காலத்திலேயே தோன்றியவை. அமெரிக்க அறிஞர் ஹாஸ்கின்ஸ், 12ஆம் நூற்றாண்டிலும் ஒரு 'ரினேசன்ஸ்' உண்டு என்று 1927இல் நூலே எழுதினார். ஒரு சொல், ஒரு காலத்துக்குப் புகழ் சூட்டும்பொழுதே, மற்றொரு காலத்தின் புகழைப் பறித்தும் விடுகிறது.

இதனைத் தமிழில் 'மறுமலர்ச்சி' என்கிறோம். பிறப்பைக் கூறாது மலர்ச்சியைக் கூறும் இச்சொல் எனக்குப் பெரிதும் உவப்பானது. பூ உதிர்ந்த பின்னும் செடி உயிரோடு நிற்கிறது. பருவம் வரின் மீண்டும் பூக்கிறது. வரலாறும் பெரும்பாலும் அத்தகையதே.

எங்கள் குளமும் இறந்துவிடவில்லை; தூர்ந்து கிடந்தது, அவ்வளவே. அதனைத்தான் என் ஆசிரியர் ஒரு சிவப்புச் சுழியால் உணர்த்தினார்.