சித்தூர்த் தண்ணீரும் மூணாறுத் தண்ணீரும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியைத் தடவினால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரமான சித்தூர் வட்டத்தில், கேரளத்தில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத கரிசல் மண் கிடக்கிறது. போர் தண்ணீர் கடினமானது. சில ஊர்களில் ஃபுளோரைடும் கூடுதல். இந்தத் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, கடையில் பார்த்து ஆசைப்பட்ட சிவப்பு ரோட்டாலாவை நட்டால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே நுனி சுருங்கும். அடியிலைகள் கண்ணாடிபோல் கரையும். அந்த இடத்தைப் பச்சை நூல்பாசி பிடித்துக்கொள்ளும்.

அதே செடியை மூணாறில் நடுகிறவருக்கு வேறு கவலை. பாறை வழியாக வரும் மலைத் தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. புது இலை வெளிறிக் கோணலாக விரியும். முற்றிய இலையின் ஓரத்தில் பாசி ஏறும்.

இரண்டு பேரும் கடைக்காரரிடம் கேட்பது ஒரே மருந்தைத்தான், பாசியைக் கொல்லும் பாட்டில். அதில் பல வகைகள் தாமிரம் கலந்தவை. பாசியோடு சேர்ந்து இறாலும் சாகும், மென்மையான செடிகளும் வாடும். பாசி போன பிறகு அது வந்த காரணம் தொட்டிக்குள்ளேயே இருக்கும். பத்து நாளில் திரும்பி வரும்.

காரணம் பெரும்பாலும் கரியில் தொடங்குகிறது. செடியின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கரி. நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு நகரும் வேகம் காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். காற்றோடு மட்டும் உறவாடும் தொட்டியில் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் அது கரைந்திருக்கும். சிலிண்டர் வைத்துச் செடி வளர்ப்பவர்கள் இருபது முதல் முப்பது மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே புதிதாகத் தொட்டி வைப்பவரின் பாதித் துயரத்துக்குக் காரணம். வெளிச்சம் பலமாக இருக்கும், கரி இருக்காது. செடி வளர முடியாமல் தேங்கி நிற்கும். பாசிக்குத் தேவை கொஞ்சம்தான். நுண்ணிய உடம்பு என்பதால் நாலாபுறமும் தண்ணீரைத் தொட்டு, துளிச் சத்தையும் உறிஞ்சிவிடும்.

சித்தூர்த் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் கரிக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அது பைகார்பனேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. வேலம்பாசி என்று நம் குளங்களில் பெயர் பெற்ற ஹைட்ரில்லாவுக்கும் நாடா போல் நீளும் வாலிஸ்னேரியாவுக்கும் அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும். அவை பைகார்பனேட்டை எடுத்துக்கொண்ட பிறகு இலைமேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மென்மையான தண்ணீரில் வளர்ந்து பழகிய பல செடிகளுக்கு அந்தத் திறமை இல்லை. பச்சைப் பாசிகளிலும் நீலப்பச்சைப் பாசிகளிலும் பலவற்றுக்கு உண்டு. ஆகவே கொழிஞ்சாம்பாறையில் தொட்டி வைப்பவர் வாலிஸ்னேரியாவோடு தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ரோட்டாலாதான் வேண்டும் என்றால் மழைநீரைப் பிடித்துக் கலக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடும் கொடுக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடும் இந்த இடைவெளியில், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் வாரத்துக்கு வாரம் கடினம் ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு மழைநீரோ உப்பு நீக்கிய குடிநீரோதான் ஊற்ற வேண்டும். பங்குனி, சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது தொட்டிமேல் ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் தண்ணீர் இரண்டு, மூன்று டிகிரி குளிரும். அப்போது ஆவியாகும் தண்ணீருக்கும் இதே விதி.

மூணாறில் கணக்கு தலைகீழ். கால்சியமும் மக்னீசியமும் வெளியிலிருந்து சேர வேண்டும். வடிகட்டிக்குள் ஒரு பிடி கிளிஞ்சல் போடுவதும், கொஞ்சம் எப்சம் உப்பு கரைப்பதும் பலர் செய்யும் வழி. குளிரில் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். சமவெளியில் புதுத் தொட்டி பக்குவப்பட நாலு முதல் ஆறு வாரம் என்றால், மலையில் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். அதற்கு முன்பே மீனை நிறைய விட்டால் அம்மோனியா ஏறும், கூடவே பாசியும்.

இத்தனை பாடுபட்டு வளர்க்கும் செடிகளில் பல இந்த மண்ணுக்கு அந்நியமே அல்ல. சிவப்பு ரோட்டாலாவான மக்ராண்ட்ரா தென்னிந்தியாவின் சொந்தச் செடி. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விலை கொடுத்து வாங்கும் லகெனாண்ட்ரா மீபோல்டி மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் ஓரத்தில் விளைவது. ‘பகோபா’ என்று கடையில் விற்பது நம் நீர்ப்பிரமியின் இனம்தான். மார்சிலியா என்பது ஆரைக்கீரை. பாலக்காட்டு வயல்களில் களையாகப் பிடுங்கிப் போடும் செடிக் கூட்டத்தில் ரோட்டாலா இண்டிகாவும் லிம்னோஃபிலாவும் இருக்கும். லிம்னோஃபிலாவின் ஒரு வகைக்கு மலையாளத்தில் மாங்காநாறி என்று பெயர், கசக்கினால் மணக்கும் என்பதால். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் அந்தச் செடிக்கும் இடம் உண்டு.

வயலில் அதற்குப் பாசி ஏன் பிடிப்பதில்லை? அங்கேயும் பிடிக்கும். ஆனால் ஆனி, ஆடி மழையில் வரப்பு நிரம்பி வழியும்போது பழைய தண்ணீர் முழுக்க அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்றதும் செடி தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். காற்றிலிருந்து வேண்டிய கரியை எடுத்துக்கொள்ளும். பாறை ஓடைகளில் நீரோட்டத்தோடு மீன்களும் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. அப்படி ஒன்று, பாறையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் பவானியா. அட்டப்பாடி வழியே ஓடும் பவானி ஆற்றின் பெயரை 1920இல் சுந்தர் லால் ஹோரா அந்தப் பேரினத்துக்கு வைத்தார். குளிர்ந்து வேகமாக ஓடும் தண்ணீரில்தான் அது பிழைக்கும். பாசி தின்ன வைக்கலாம் என்று பிடித்து வந்து தொட்டியில் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ தண்ணீர் மாற்றுவது அந்த மழையின் வேலையைத் தொட்டிக்குள் செய்கிறது. வெளிச்சம் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். கூடத்து விளக்கு போல இரவு பதினொன்று வரை எரியவிட்டால் பாசிக்குத்தான் விருந்து. நர்சரியில் பெரும்பாலும் செடியைத் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள் என்பதால், தொட்டியில் மூழ்கியதும் பழைய இலை அழுகும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அழுகும் இலையை அன்றன்றே கிள்ளி எடுத்தால் தண்ணீருக்குள் வரும் புது இலை பிழைத்துக்கொள்ளும். எடுக்காமல் விட்டால் அது விடும் அம்மோனியாவே பாசிக்கு முதல் உணவு.

இலை ஓரத்தில் கறுப்புத் தாடிபோல் வளரும் பாசி எல்லாரையும் அழவைப்பது. பெயரில்தான் கறுப்பு, இனத்தால் அது சிவப்புப் பாசி, சாராயத்தில் ஊறவைத்தால் செந்நிறம் தெரியும். கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் வரும் தொட்டிகளில்தான் இதை அதிகம் பார்க்க முடிகிறது. அந்த வாயுவுக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலை நம்பியிருப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தவிர்க்க முடியாதது. பாட்டில் ஓய்வதற்குள் அடுத்த பாட்டிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தாடி பிடித்த இலையைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை, வெட்டி எடுப்பதே சரி.

வெட்டிய துண்டுகளை எங்கே போடுவது என்பது தொட்டியை விடப் பெரிய விஷயம். பிரேசிலின் சால்வினியா 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக இலங்கைக்கு வந்தது. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என்ற பெயரில் வயலையும் காயலையும் மூடியது இதே செடிதான். கடைசியில் ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப் பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து ஊரே படம் எடுக்கத் திரண்ட செடி கபோம்பா, தென்னமெரிக்காவிலிருந்து வந்த தொட்டிச் செடி. அடர்ந்து வளர்ந்து தண்ணீரை அடைப்பது அதன் இயல்பு. எதிர்த்திசையில், 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து தொட்டிச் செடியாக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லாவை அங்கே இன்றும் கோடிக்கணக்கில் செலவழித்து அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தூரில் வாய்க்கால் எப்போதும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மூணாறில் ஓடை. செடித் துண்டோ தொட்டித் தண்ணீரோ அவற்றில் போகக் கூடாது. துண்டுகளை மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, தென்னை மரத்தடியில் போட்டு மண்ணால் மூடிவிடலாம். பழைய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றலாம். அதில் கரைந்திருக்கும் நைட்ரேட் அதற்கு நல்ல உரம்.