நீளம் ஒன்று, கணக்கு வேறு: இரு சிறிய எஸ்யூவிகளுக்கு இடையே தேர்வு

கார் கடன் கேட்டு எங்கள் கிளைகளுக்கு வரும் குடும்பங்களுள் பலவும் தேர்வை ஏற்கெனவே இரண்டு வண்டிகளுக்குள் சுருக்கிக்கொண்டே வருகின்றன. அவற்றுள் அடிக்கடி கேட்கும் இணை, மாருதி சுசுகி பிரெஸ்ஸாவும் டாடா நெக்ஸானும். விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே இறுதி முடிவு பெரும்பாலும் நிறத்தாலோ, உறவினரின் சொல்லாலோ, ஷோரூமில் அன்று கிடைக்கும் தள்ளுபடியாலோ அமைந்துவிடுகிறது. தவணையோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தொடரும். எந்த வண்டியையும் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. முடிவெடுக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகளை மட்டும் வரிசைப்படுத்துவோம்.

நான்கு மீட்டரும் எஞ்சின் அளவும்

இரு வண்டிகளின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். இது தற்செயலன்று. 2006ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கை சிறிய கார்களுக்கு உற்பத்தி வரிச் சலுகை வழங்கியபோது, நான்கு மீட்டர் நீளத்தை எல்லையாக வகுத்தது. சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகும் அந்த எல்லை நீடிக்கிறது.

ஆயினும் சலுகைக்கு நீளம் மட்டும் போதாது. பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மிகாதிருத்தல் வேண்டும். நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி. டீசல் எஞ்சின் 1,497 சிசி. பிரெஸ்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. எனவே 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி முன்னதற்கு வரி 18 விழுக்காடு, பின்னதற்கு 40 விழுக்காடு. அதற்கு முன், கூடுதல் தீர்வையும் சேர்த்து, நெக்ஸான் பெட்ரோலுக்கு 29 விழுக்காடும் டீசலுக்கு 31 விழுக்காடும் பிரெஸ்ஸாவுக்கு 45 விழுக்காடும் இருந்தன.

இதனால் வாங்குவோர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்நாளுக்கு முற்பட்ட விலை ஒப்பீடுகள் எவையும் இன்று பயன்படா. இரண்டாவது, ஒரே எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கியுள்ள வரி ஒன்றன்று. வரி உட்பட 10 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியில், 18 விழுக்காட்டு விகிதத்தில் வரிப் பங்கு சுமார் 1,52,500 ரூபாய். 40 விழுக்காட்டில் சுமார் 2,85,700 ரூபாய். ஒரே விலையில் இரு வண்டிகளிலும் கிடைக்கும் வசதிகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலால் பெயரைப் பெயரோடு ஒப்பிடாமல், நம் விலை வரம்புக்குள் வரும் குறிப்பிட்ட வகையை அதே விலையிலுள்ள மற்றதன் வகையோடு ஒப்பிடுவதே முறை.

ஓட்டத்துக்கு ஏற்ற எஞ்சின்

பிரெஸ்ஸாவில் இருப்பது டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சின். நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் மூன்று சிலிண்டரும் டர்போவும் கொண்டது; 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பிரெஸ்ஸாவில் அது சுமார் 137. ஐந்து பேரும் சுமையுமாக மலைப்பாதை ஏறும்போது இவ்வேறுபாடு புலப்படும். நகர நெரிசலில் மெதுவாக ஊர்ந்து செல்வோருக்கோ, பிரெஸ்ஸாவின் டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கி கியர் இதமாக இருக்கும். நெக்ஸானில் ஏ.எம்.டி., இரட்டைக் கிளட்ச் ஆகிய இருவகைத் தானியங்கிகள் உண்டு. மூன்றின் தன்மையும் வேறு. நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள இயலும்.

டீசல் வேண்டுவோருக்கு இவ்விரண்டில் நெக்ஸான் மட்டுமே வழி. ஆனால் இன்றைய டீசல் வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டி உள்ளது. அது தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாளும் நான்கைந்து கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் செல்லும் குடும்பத்துக்கு டீசல் பொருந்தாது.

இரண்டிலும் சிஎன்ஜி வகை கிடைக்கிறது. பிரெஸ்ஸாவில் ஒற்றைப் பெரிய உருளை டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. நெக்ஸானில் இரு சிறிய உருளைகள் டிக்கித் தளத்தின் அடியில் உள்ளன. ஆண்டுதோறும் பெட்டி படுக்கையுடன் சொந்த ஊர் செல்வோர் இதனைக் கருத வேண்டும். பெட்ரோல் வகைகளின் டிக்கிக் கொள்ளளவு பிரெஸ்ஸாவில் 328 லிட்டர், நெக்ஸானில் 382 லிட்டர். மறுபுறம் பிரெஸ்ஸாவின் உயரம் 1,685 மில்லிமீட்டர். நெக்ஸானின் உயரம் 1,620. வீட்டில் முதியோர் இருப்பின், ஏறி இறங்குவது எதில் எளிது என்பதை அவர்களையே அழைத்துச் சென்று பார்ப்பது நன்று.

எரிபொருள் சிக்கனத்தைப் பற்றிய கவலை சில வேளைகளில் அளவுக்கு மீறியது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் சுமார் 67 லிட்டர் செலவாகும்; 18 தந்தால் சுமார் 56 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் வேறுபாடு மாதத்துக்குச் சுமார் 1,100 ரூபாய். 400 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுவோருக்கு இது 450 ரூபாயைக்கூட எட்டாது.

பாதுகாப்பு

2018இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்புக் கார் நெக்ஸான். 2024இல் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையிலும் அது ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழைய விட்டாரா பிரெஸ்ஸா 2018இல் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2022இல் வடிவம் மாறிய இன்றைய வண்டிக்கு அந்த மதிப்பீட்டைப் பொருத்திப் பேசுதல் சரியன்று. இரு வண்டிகளிலும் இப்போது எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் உள்ளன. பின்னிருக்கையில் அமர்வோர் இடைவார் அணியாவிடில் இவற்றின் பயன் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

தவணைக் கணக்கு

வண்டிகளுக்கு இடையேயான வேறுபாட்டைக் காட்டிலும், கடன் காலங்களுக்கு இடையேயான வேறுபாடு பல குடும்பங்களை ஆழமாகப் பாதிக்கிறது. 8 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு என எடுத்துக்கொள்வோம்.

ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 16,607 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,96,400 ரூபாய். ஏழு ஆண்டுகளாக நீட்டினால் தவணை 12,871 ரூபாயாகக் குறையும். மொத்த வட்டியோ சுமார் 2,81,200 ரூபாயாக உயரும். அதாவது மாதம் 3,736 ரூபாய் இலகுவுக்காக ஏறத்தாழ 85,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறோம். மேலும், ஐந்து ஆண்டுகள் முடிந்த நிலையிலும் சுமார் 2,81,700 ரூபாய் அசல் நிலுவையில் இருக்கும். அப்போது வண்டியை விற்க நேர்ந்தால், கிடைக்கும் தொகையில் பெரும்பங்கு கடனுக்கே போய்விடும்.

ஷோரூமில் 'இன்னும் ஒரு லட்சம் சேர்த்தால் மேல்வகை' என்று சொல்லப்படும்போது நினைவில் கொள்ள ஓர் எண்: அதே வட்டியில் ஒவ்வொரு கூடுதல் லட்சத்துக்கும் ஐந்தாண்டுக் கடனில் மாதம் 2,076 ரூபாய் கூடும். விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 1 விழுக்காடு வருமான வரி முன்கூட்டியே வசூலிக்கப்படும். அதனைக் கணக்குத் தாக்கல் செய்கையில் ஈடுகட்டிக்கொள்ளலாம். எனினும் வாங்கும் நாளில் பணம் கையில் இருக்க வேண்டும். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், ஆன்-ரோடு விலையை உங்கள் பதிவு ஊரைச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள்.

வீட்டுக் கடன் உட்பட எல்லாத் தவணைகளும் சேர்ந்து, கைக்கு வரும் வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நலம். தாண்டுமானால் காலத்தை நீட்டுவதைவிட ஒரு வகை கீழே இறங்குவதே அறிவுடைமை.

காப்பீடும் ஆவணங்களும்

புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். எஞ்சின் அளவின்படி இரு வண்டிகளும் ஒரே கட்டணப் பிரிவில் வருவதால் இதில் வேறுபாடு இல்லை. சொந்தச் சேதக் காப்பீட்டில், காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறையும்: ஓராண்டு கடந்தால் 20 விழுக்காடு, நான்காண்டு கடந்தால் 50 விழுக்காடு தேய்மானம். முன்பணம் மிகக் குறைவாகக் கட்டியவர்களுக்கு, வண்டி முற்றிலும் சேதமுற்றால் கிடைக்கும் தொகை கடன் நிலுவையைவிடக் குறைந்துவிடவும் கூடும். அத்தகையோர் முழு விலை ஈட்டுறுதி தரும் கூடுதல் காப்பீட்டைக் கருதலாம்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையைப் படியுங்கள். வட்டியோடு கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். இரு கடன்களை ஒப்பிட அதுவே சரியான அளவுகோல். மாறும் வட்டியில் தனிநபர் பெறும் கார் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கிகள் கட்டணம் விதிப்பதில்லை. நிலையான வட்டியில் கட்டணம் இருக்கலாம். கடன் முடிந்ததும் வங்கியின் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் பெற்று, பதிவுச் சான்றிதழிலுள்ள கடன் குறிப்பை நீக்கச் செய்யுங்கள். பலர் இதனை விட்டுவிட்டு, விற்கும் வேளையில் அலைகிறார்கள்.

சுருங்கச் சொன்னால், மாத ஓட்டம், உடன் பயணிப்போர், கட்டக்கூடிய தவணை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஷோரூமுக்குச் செல்லுங்கள். அத்தாளில் எழுதிய தொகையை அங்கே மாற்றாமல் இருந்தால், இரண்டில் எந்த வண்டி வீட்டுக்கு வந்தாலும் குடும்பத்துக்குச் சுமையாக இராது.