வெல்லமும் பயறு மாவும் வயலுக்குப் போகும் கதை



சில ஆண்டுகளாக நம் கடைகளுக்கு வரும் விவசாயிகளில் சிலர், வீட்டுச் சாமான் சீட்டோடு சேர்த்து, "இரண்டு கிலோ வெல்லம் போடுங்கள், கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு கிலோ கடலை மாவும் வேண்டும்" என்று கேட்பதை உறுப்பினர்கள் கவனித்திருப்பீர்கள். வீட்டில் விசேஷம் ஏதும் இருக்காது. வாங்கிய சரக்கு அடுப்படிக்குப் போகாமல் பீப்பாய்க்குப் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் நான் பட்ட நஷ்டத்தைப் பிறகு சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம் இப்போது நம் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. 200 லிட்டர் தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு பிடி. நிழலில் வைத்து, கோணிச் சாக்கால் மூடி, தினமும் காலையும் மாலையும் கலக்கினால் 48 மணி நேரத்தில் தயார். இது ஒரு ஏக்கருக்கு. காலஞ்சென்ற நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த அமிர்தக்கரைசலும், கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும் இதே குடும்பம்தான். வெளிநாட்டில் சாணத்துக்குப் பதிலாக நன்றாக மக்கிய உரத்தைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் மோட்டாரால் ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதுகிறார்கள். அதற்கு மக்கு உரத் தேநீர் என்று பெயர். அமெரிக்காவில் எலைன் இங்காம் என்ற மண்ணியல் அம்மையார் இதை வெகுவாகப் பரப்பினார்.

இதெல்லாம் உரமா என்றால், இல்லை. பத்து கிலோ சாணத்தில் இருக்கும் சத்து ஒரு ஏக்கருக்கு எந்த மூலைக்கு? இதை உறை மோராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி பாலுக்கு ஒரு கரண்டி மோர் போதும். ஆனால் பால் இருக்க வேண்டும். மண்ணில் தழை, சருகு, தொழு உரம் என்று மக்கக் கூடிய பொருள் இருந்தால்தான் இந்த நுண்ணுயிர்களுக்கு வேலை. வெறும் கட்டாந்தரையில் ஊற்றுவது, காலிப் பாத்திரத்தில் உறை ஊற்றுவது போல.

வெல்லம் அந்த உயிர்களுக்குச் சாப்பாடு. மாவில் உள்ள புரதமும் அப்படியே. சாப்பிட்டுப் பெருகும்போது அவை மூச்சு விடுகின்றன. இங்கேதான் காற்றின் சங்கதி வருகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் பிடித்து வைக்கும். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். நம் வேலூர்ச் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். வெல்லத்தை அள்ளிப் போட்டால் உயிர்கள் வெறிபிடித்துப் பெருகி, இருக்கும் காற்றைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு காற்று வேண்டாத அழுகல் கிருமிகளின் ஆட்சி. கலக்குவதும் மோட்டார் வைப்பதும் இதைத் தடுக்கத்தான். கருவியே வேண்டாம், மூக்கு போதும்: மழை பெய்த மண் வாசனையோ, லேசான புளித்த வாசனையோ வந்தால் சரி, சாக்கடை நாற்றம் வந்தால் பயிருக்கு ஊற்றக் கூடாது. 20 லிட்டர் வாளியில் மண்புழு உரம் ஒரு கிலோ போட்டு மோட்டார் வைப்பவருக்கு வெல்லம் 50 கிராமே தாராளம். நானே வெல்ல வியாபாரி, குறைத்து வாங்குங்கள் என்கிறேன்!

மூன்று வருடம் முன்பு வெளியூர் ஆசாமி ஒருவர் இப்படிப்பட்ட கரைசலைப் பாட்டிலில் அடைத்து, ஆறு மாதம் கெடாது என்று சொல்லி இரண்டு பெட்டி இறக்கிவிட்டுப் போனார். கமிஷன் நன்றாக இருந்தது. நானும் சில கடைகளுக்குக் கொடுத்தேன். பங்குனியில் பாட்டில்கள் பலூன் போல உப்பின. ஒன்று கிடங்கிலேயே வெடித்து, பக்கத்திலிருந்த துவரம்பருப்பு மூட்டை இரண்டு நாசம். அது போகட்டும். அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், இருபது வருட வாடிக்கை, அதைத் தக்காளி நாற்றுக்கு ஊற்றி நாற்று கருகிப் போய், ஒன்றும் பேசாமல் பாட்டிலை என் கல்லாவுக்கு எதிரே வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்றங்கால் போன பருவத்தை யார் திருப்பிக் கொடுப்பது? மறுமாதம் அவர் மளிகைக்கு வேறு கடை பார்த்துக்கொண்டார். தீபாவளிக்குத்தான் திரும்பி வந்தார்.

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் பிறகு விளக்கினார். காற்று ஊதி உயிர் பெருக்கிய கரைசலை மூடி வைத்தால், உள்ளே இருக்கும் உயிர் மூச்சு முட்டிச் சாகும். மக்கு உரத் தேநீரை மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்தில் ஊற்றிவிட வேண்டும். ஜீவாமிர்தம் ஒரு வாரம் தாங்கும். அசோஸ்பைரில்லம், ரைசோபியம் போன்ற உயிர் உரங்கள் வேறு ரகம். அவை 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருபவை. நுண்ணுயிர் எண்ணிக்கையும் காலாவதி தேதியும் லேபிளில் இருக்கும். அவற்றையும் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் அனுமதி விவரம் விசாரித்த பிறகே அலமாரியில் அடுக்குங்கள்.

காய்கறி, கீரை விற்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். சாணத்தில் வயிற்றுப்போக்குக் கிருமியும் இருக்கலாம். வெல்லம் அதையும் சேர்த்தே வளர்க்கும். 2004-ல் அமெரிக்க இயற்கை வேளாண் வாரியம் அமைத்த குழுவே இதை எச்சரித்தது. ஆகவே கொத்துமல்லி, புதினா, வெள்ளரி போலப் பச்சையாகத் தின்பவற்றின் மேல் அறுவடை சமயத்தில் தெளிக்காமல், முன்கூட்டியே மண்ணுக்கு ஊற்றச் சொல்லுங்கள்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பளீரென்று வெளுத்த வெல்லம் இதற்கு ஆகாது. வெளுக்கப் போடும் ஹைட்ராஸ் மருந்தில் கந்தகச் சரக்கு உண்டு. கந்தக வாயு கிருமிகளை அடக்குவது. கறுத்த வெல்லம், பாகாக உருகிப் போனது, உடைசல் எல்லாம் இதற்கு உகந்தவை. நம் கிடங்கில் கழிவென்று ஒதுக்கும் சரக்கு நியாய விலைக்குப் போகும். வண்டு விழுந்த பயறும் அப்படியே. ஆனால் பூச்சி மருந்துப் புகை போட்ட சரக்கைத் தள்ளிவிடாதீர்கள்.

பாலாற்றுக் கரையில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தோல் பதனிடும் கழிவால் கிணறு உப்பாகிப் போனவர்கள், "இதை ஊற்றினால் நிலம் திரும்புமா?" என்று கேட்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. அதே நிலத்துக்காக 2025 ஜனவரியிலும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணின் உப்பையும் குரோமியத்தையும் இரண்டு கிலோ வெல்லம் நீக்காது. உப்புத் தண்ணீரில் கரைத்தால் பெருக வேண்டிய உயிர்களே திணறும். மழைத் தண்ணீரைப் பிடித்துக் கரைக்க வேண்டும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் ஓரிரவு திறந்து வைக்க வேண்டும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, களர் என்று தெரிந்தால் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் முதலில். என் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பில் அந்த வரிசையில்தான் இரண்டு வருடமாகச் செய்து வருகிறேன். மேட்டுப் பக்கத்து மரங்களின் பாத்தியில் மண்புழு தெரிகிறது. ஆற்றோரம் உள்ள பதினோரு மரங்களுக்கு இன்னும் ஒரு மாற்றமும் இல்லை.