கேலியா, வெறுப்பா?

2025 நவம்பரில் சென்னையில் நடந்த ‘அதர்ஸ்’ திரைப்படச் செய்தியாளர் சந்திப்பில், தமது உடல் எடை குறித்து எழுந்த கேள்வியை உருவக்கேலி எனக் கண்டித்தார் நடிகை கௌரி கிஷன்.

உருவக்கேலி என்பது செயலைக் குறிக்கும் சொல். பருத்த உடலினர் சோம்பேறிகள், தகுதி குறைந்தோர் என்னும் முன்முடிவைக் குறிப்பது ‘பருமன் வெறுப்பு’. கேலி என்றே நிறுத்திவிட்டால், ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்று தப்பிவிடலாம். சாதி இழிவுரைக்கும் இதே சமாதானம் சொல்லப்படுவதைப் பழையசீவரம் வட்டாரத்தில் நாம் கேட்டிருக்கிறோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ அதனை, இழிவுபடுத்தும் நோக்குடைய அவமதிப்பு எனப் பெயரிட்டுக் குற்றமாக்கியுள்ளது.

பருமன் வெறுப்புக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அரசமைப்பின் 15ஆம் உறுப்பும் உடல் அளவைக் குறிப்பிடவில்லை. இவ்விரு கொடுமைகளும் ஒன்றல்ல. எனினும், வெறுப்பைக் கேலியாகச் சுருக்கும் உத்தி ஒன்றே. ஆகவே, வெறுப்பை வெறுப்பென்றே நாம் எழுதுகிறோம்.