திரையிலிருந்து தாளுக்கு: தமிழில் திறக்கப்படாத வழி

தொலைக்காட்சித் தொடர்களின் கதாபாத்திரங்களைக் கொண்டு எழுதப்படும் சிறுகதைகள், ஆங்கிலத்தில் தனியொரு பதிப்புத் தொழிலாகவே வளர்ந்துள்ளன. தமிழில் இத்தகைய முயற்சிகள் அரிது. இந்தக் குறை புலம்பெயர்ந்த தமிழர்களையே கூடுதலாகப் பாதிக்கிறது எனலாம்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் பகுதிகளைச் சிறுகதைகளாக்கி ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய முதல் தொகுப்பு 1967இல் வெளிவந்தது. 1975இல் அவர் காலமானார். அவரது மனைவி ஜே.ஏ. லாரன்ஸின் பங்களிப்புடன் 12ஆவது தொகுப்பு 1977இல் வெளியானது. வீடுகளில் வீடியோ கருவிகள் பரவாத அக்காலத்தில், தவறவிட்ட கதையை அறிய மறுஒளிபரப்பை விட்டால் புத்தகமே வழியாக இருந்தது.

பிரிட்டனில் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை பிபிசி பின்னாளில் அழித்துவிட்டது. அக்கதைகளைப் புத்தகங்களே அடுத்த தலைமுறையிடம் சேர்த்தன. டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே சிறுவர்களுக்காக 60க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். 1998இல் பிபிசி புக்ஸ் நிறுவனம் இத்தொடரை ஒட்டிய சிறுகதைத் தொகுப்புகளையும் வெளியிடத் தொடங்கியது.

கதாபாத்திரங்களின் உரிமை தயாரிப்பாளரிடமே இருப்பதால், இவ்வகை எழுத்தாளர்களுக்குச் சுதந்திரம் குறைவு. இவை இரண்டாந்தர இலக்கியம் என்ற விமர்சனமும் உண்டு. ஆயினும், வாசிப்பில் நாட்டமில்லாத சிறுவர்கள் பலரைப் புத்தகத்திடம் அழைத்து வந்தவை இவையே.

தமிழில் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' முதலில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்னரே தூர்தர்ஷனில் தொடராயிற்று. ஜீனோ என்ற இயந்திர நாய் தாளிலிருந்து திரைக்குச் சென்றது. திரைக்கென்றே பிறந்த தமிழ்க் கதாபாத்திரங்கள் தாளுக்கு வருவது அபூர்வம்.

பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் இதன் விளைவைக் காணலாம். 1983 வன்செயல்களுக்குப் பின்னர் பெருமளவில் பிரான்ஸ் வந்த ஈழத்தமிழர்களின் வணிகத்தால் வளர்ந்தது இக்கடைவீதி. திரைப்படங்களும் தொடர்களும் முதலில் ஒளிநாடாக்களாகவும், பின்னர் குறுவட்டுகளாகவும் இங்கு விற்பனையாகின. பிரெஞ்சுப் பள்ளிகளில் பயிலும் இரண்டாம் தலைமுறையினர் பலருக்குத் தமிழ் செவிவழி மொழியாகவே உள்ளது. திரையில் பேசப்படும் தமிழ் விளங்கினாலும், அச்சிட்ட பக்கத்தைக் கண்டதும் அவர்கள் தயங்குகின்றனர்.

ஏற்கனவே அறிந்த பாத்திரங்கள், நான்கைந்து பக்க அளவு, எளிய நடை ஆகியவை இத்தயக்கத்தைக் குறைக்கக்கூடியவை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இத்தகைய நூல்கள் பயன்படும். ஆனால், தொடர்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்கள் அனுமதி வழங்கினாலன்றி எந்தப் பதிப்பாளரும் இதில் இறங்க முடியாது. வழியைத் திறக்கும் சாவி அந்நிறுவனங்களிடமே உள்ளது.