மீட்டரில் 4 வோல்ட், கருவியில் 2 வோல்ட்: ஏன்?

உங்களிடம் இருப்பது 12 வோல்ட் அடாப்டர். கருவிக்கு வேண்டியதோ 4 வோல்ட். 6 கிலோ ஓம், 3 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து, அடாப்டரில் மாட்டுகிறீர்கள். 3 கிலோ ஓம் தடையின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் கணக்குப்படி 4 வோல்ட் காட்டுகிறது. அதே முனைகளில் கருவியை இணைத்ததும் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. மின்னணுவியல் பழகத் தொடங்கும் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஓம் விதியை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். கருவி 2 கிலோ ஓம் தடைபோல மின்னோட்டத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 3 கிலோ ஓமுக்குப் பக்க இணைப்பில் சேர்வதால் இரண்டும் சேர்ந்து 1.2 கிலோ ஓம் ஆகின்றன. மொத்தத் தடை 7.2 கிலோ ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ 1.67 மில்லிஆம்பியர், 1.2 கிலோ ஓமின் குறுக்கே 2 வோல்ட். விடை சரிதான். ஆனால் கருவியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தடைகள் கூடிக்கொண்டே போனால், 1845-இல் மாணவராக இருந்தபோதே கிர்க்காஃப் வகுத்துத் தந்த விதிகளின்படி சமன்பாடுகளை வரிசையாக எழுதித் தீர்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் சுமையைக் குறைப்பது தெவெனின் தேற்றம். பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் லியோன் சார்லஸ் தெவெனின் 1883-இல் இதை வெளியிட்டார். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே இதே முடிவை எட்டியிருந்தும் பெயர் தெவெனினுக்கே நிலைத்தது. மின்மூலங்களும் மின்தடைகளும் எத்தனை இருந்தாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளிலிருந்து பார்த்தால் அந்தச் சுற்று முழுவதும் ஒரே ஒரு மின்னழுத்த மூலமும் அதனுடன் தொடராக ஒரே ஒரு தடையுமாகவே நடந்துகொள்ளும் என்கிறது தேற்றம்.

நம் சுற்றிலேயே பார்ப்போம். முனைகளில் எதையும் இணைக்காதபோது இருப்பது 4 வோல்ட். அதுதான் தெவெனின் மின்னழுத்தம். தடையைக் காண, தாளில் அடாப்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போட வேண்டும். அப்போது 6-ம் 3-ம் பக்க இணைப்பாகி 2 கிலோ ஓம் தரும். ஆக, உங்கள் கையில் இருப்பது 2 கிலோ ஓம் தடையை உள்ளே மறைத்து வைத்திருக்கும் 4 வோல்ட் மூலம். 2 கிலோ ஓம் கருவியை மாட்டினால் மின்னழுத்தம் சரிபாதியாகிறது. 6 கிலோ ஓம் என்றால் 3 வோல்ட், 18 கிலோ ஓம் என்றால் 3.6 வோல்ட், மனக்கணக்கே போதும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம் அளவில் இருப்பதால்தான் அது 4 வோல்ட்டை ஏறக்குறைய குறையாமல் காட்டியது.

பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. இந்த எளிய மாற்றுச் சுற்று வெளிமுனைகளுக்கு மட்டுமே உண்மையானது. கருவி இல்லாதபோது மாற்றுச் சுற்றில் மின்னோட்டமே இல்லை, திறன் இழப்பும் இல்லை. நிஜச் சுற்றிலோ 9 கிலோ ஓம் வழியாக 16 மில்லிவாட் வீணாகிக்கொண்டே இருக்கும். உள்ளே எவ்வளவு சூடாகும் என்பதை இந்தத் தேற்றத்திடம் கேட்கக் கூடாது. டயோடு போல ஓம் விதிக்குக் கட்டுப்படாத உறுப்பு மூலத்தின் பக்கம் இருந்தாலும் இது செல்லாது. கருவியின் பக்கம் இருந்தால் தடையில்லை.

பழைய பேட்டரி செல்லிலும் இதே கதைதான். மீட்டரில் 1.4 வோல்ட் காட்டும் செல் டார்ச்சை எரிய வைக்காமல் போகலாம். பழசாக ஆக உள்தடை ஏறிவிடுவதே காரணம். சோதிப்பது எளிது. சும்மா இருக்கும்போது ஒரு முறை, பல்பு இணைத்த நிலையில் ஒரு முறை அளந்து, மின்னழுத்தத்தில் விழுந்த அளவை மின்னோட்டத்தால் வகுங்கள். 1.4 வோல்ட் 0.2 ஆம்பியரில் 0.9 ஆகிவிட்டால் உள்தடை 2.5 ஓம், அந்தச் செல்லை மாற்றிவிடலாம்.

முனைகளைக் கம்பியால் சேர்த்துக் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தை அளந்தும் உள்தடையைக் காணலாம் என்று புத்தகங்களில் இருக்கும். நம் தடைச் சுற்றில் அது வெறும் 2 மில்லிஆம்பியர், ஆபத்தில்லை. கார் பேட்டரியிலோ வீட்டு மின்சாரத்திலோ மட்டும் அதைச் செய்து பார்த்துவிடாதீர்கள்.